பார்க்காமல் போட்ட கையெழுத்து

அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நோயைக் கண்டுபிடிப்பது இயந்திரம். அதன் முடிவுக்குக் கீழே கையெழுத்துப் போடுவது பயிற்சி டாக்டர்கள். ஒரு ஷிப்டுக்கு நானூறு கையெழுத்து. நோயாளியின் முகத்தைப் பார்க்கக்கூட நேரம் இருக்காது.

‘வீட்டுக்கு அனுப்பலாம்’ என்று இயந்திரம் சொன்ன ஒரு குழந்தை மறுநாள் இறந்துபோனது. கையெழுத்துப் போட்டிருந்த ஹபீபை சஸ்பெண்டு செய்தார்கள்.

அவனோடு படிக்கும் பிரிசில்லா டீனிடம் போய்ச் சண்டை போட்டாள். “மிஷின் தப்பா சொன்னா அவன் என்ன சார் பண்ணுவான்?”

“கையெழுத்து அவனோடதுதானம்மா?”

அவள் நேராகப் பயிற்சி மருத்துவர் சங்கத்தில் சேரப் போனாள்.

“சேர்ந்தா பரீட்சைல கை வெச்சிருவாங்க. யோசிச்சுக்கோ,” என்றாள் சங்கச் செயலாளர் அங்கயற்கண்ணி.

“இத்தனை நாள் யோசிச்சதுதான் தப்புக்கா. ஃபாரத்தக் குடுங்க.”

தொட்டுப் பார்க்காத நோயாளிக்கு இனி யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்று அன்று மாலையே சங்கம் முடிவெடுத்தது.

மறுநாள் காலை முதலில் வந்தவர் ஒரு லாரி டிரைவர். ‘வாயுத் தொல்லை, அனுப்பலாம்’ என்றது திரை. பிரிசில்லா அவர் வயிற்றில் கை வைத்தாள். பலகைபோல் இறுகிக் கிடந்தது. குடலில் ஓட்டை விழுந்திருக்க வேண்டும். உடனே ஆபரேஷனுக்கு அனுப்பினாள்.

அதற்குள் வரிசை வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போயிருந்தது. டீன் ஓடிவந்தார்.

“ஒரு ஆளுக்கு இருபது நிமிஷமா? வெளிய கத்துறாங்கம்மா!”

“கத்தட்டும் சார். ‘இத்தனை நாள் உங்கள எந்த டாக்டரும் பாக்கல, இன்னைக்குத்தான் பாக்குறாங்க’ன்னு நீங்களே போய் அவங்ககிட்ட சொல்லுங்க.”