ஏழாம் கோபுரம்

"இதெல்லாம் ஒரு விளையாட்டாம்மா? குழந்தைக்குச் சோறு ஊட்டி விடுற மாதிரி இருக்கு."

ஒசாகாவில் ஒரு வீடியோ கேம் கடை வாசலில் நீண்ட வரிசை. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் வந்த 'ஏழாம் கோபுரம்' புதுப்பிக்கப்பட்டு இன்று வெளியாகிறது. ஆஸ்பத்திரி வேலை முடிந்து நேராக வந்து நின்ற நர்ஸ் சிஹோவிடம்தான், முன்னால் நின்ற குராமோச்சி இப்படிக் கேட்டார். ஐம்பதை நெருங்கும் மனிதர்.

"பழசுல செத்தா மறுபடி முதல்ல இருந்து ஆடணும். இதுல செத்த இடத்துலயே எழுந்துக்கலாமாம். வெட்கமா இல்ல?"

"பழசு வந்தப்ப நான் பொறக்கவே இல்ல சார். அந்த மெஷினும் இப்ப எங்கயும் கிடைக்கல."

"அப்ப ஆடாத. உன்னை மாதிரி ஆளுங்களுக்காகத்தான் நல்லதை எல்லாம் கெடுத்து வைக்கிறாங்க."

சிஹோவுக்குச் சுருக்கென்றது. விளையாடுவதற்குக்கூட இந்த ஆளிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

"பிடிக்கலன்னா நீங்க ஏன் வரிசையில நிக்கிறீங்க?"

"எவ்வளவு கெடுத்திருக்காங்கன்னு பார்த்து, நார் நாராக் கிழிச்சு எழுதத்தான்."

"நீங்க முழுசா முடிச்சிருக்கீங்களா?"

"மூணு தடவை. கடைசிக் கதவு திறந்ததும், தூங்கிட்டிருந்த ராஜா எழுந்து வந்து நம்மளைப் பார்த்துத் தலை வணங்குவார். அதைப் பார்க்க ஒரு தகுதி வேணும்மா."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிஹோவுக்குக் காது வரை சூடேறியது. போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. வீம்புக்கே நின்றாள்.

கடைக்குள்ளிருந்து நரைத்த தலையுடன் ஒரு பெண்மணி வெளியே வந்து, மைக்கை வாங்கிக் குனிந்து வணங்கினார். இந்த விளையாட்டை அன்று உருவாக்கிய இவாசே.

"முதல்ல ஒரு மன்னிப்பு. பழைய விளையாட்டுல கடைசிக் கதவு திறக்கவே திறக்காது. நான் எழுதின புரோகிராம்ல இருந்த பிழை. வித்த பிறகுதான் தெரிஞ்சது. வெளிய சொல்றதுக்குள்ள கம்பெனியையே மூடிட்டாங்க. பாடுபட்டு அந்தக் கதவு வரைக்கும் வந்த பிள்ளைங்க எத்தனை பேர் அங்கயே நின்னு அழுதிருப்பாங்களோ. அவங்களும் உள்ள போகணும், புதுசா வர்றவங்களும் போகணும். அதுக்காகத்தான் மறுபடி செஞ்சோம்."



சிஹோ மெல்ல குராமோச்சி பக்கம் திரும்பினாள். அவரைக் கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

அவர் அவளைப் பார்க்கவில்லை. கண் நிறைந்திருந்தது.

"எனக்குத்தான் ஆடத் தெரியலன்னு நினைச்சேன்," என்றார்.