பாக்கெட்டில் ஒரு கை

“உங்க அண்ணன் கொடுத்து வெச்சவர்ப்பா. ஒரு கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு, மைதானத்துல உன் பைக்கை என்னமா வளைச்சு வளைச்சு ஓட்டுறாரு!”

எதிர்வீட்டுக்காரர் பற்றவைத்துவிட்டுப் போய்விட்டார். தம்பிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எரியாதா பின்னே? வீடு வீடாகப் பார்சல் கொடுத்துப் பிழைத்தவன். விபத்துக்குப் பிறகு வலது மணிக்கட்டு திரும்புவதே இல்லை. விரல்கள் மடங்கும், பிரேக் பிடிக்கும். ஆக்சிலேட்டரை முறுக்க மட்டும் முடியாது. வண்டியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு இருக்கச் சகிக்காமல்தான் அண்ணன் வீட்டில் விட்டிருந்தான்.

அங்கே போனால் வண்டி இல்லை. அண்ணனும் வேலைக்குப் போயிருந்தார். அண்ணிதான் இருந்தாள்.

“பைக்கா? ஒர்க்‌ஷாப்புல நிக்குது. ஏதோ புது ஹேண்டில்பார் போட்டிருக்கார். உட்காருங்க, சாப்பிட்டுப் போகலாம்.”

“வயிறு நிறைஞ்சிருச்சு அண்ணி” என்று கிளம்பினான்.

ஒர்க்‌ஷாப்பில் பைக் ஸ்டாண்டில் நின்றது, பின்சக்கரம் அந்தரத்தில். புது ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் பின்னால் வளைந்திருந்தது.

“இதென்ன, மாட்டுக் கொம்பு மாதிரி? யாரைக் கேட்டு மாத்தினீங்க?”

“அது வந்து சார், வயரிங்கையும் சேர்த்து...” என்றார் மெக்கானிக்.

“வண்டிக்குச் சொந்தக்காரன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

மெக்கானிக்கை வாயைத் திறக்க விட்டால்தானே! அதற்குள் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டான்.

“கை போனது எனக்கு, கொண்டாட்டம் உனக்கா? தம்பி முடங்கிக் கிடக்கான், அவன் வண்டியில உனக்கு ஊர்வலம் கேக்குதா? விபத்துல நான் மொத்தமாப் போயிருந்தா இன்னும் சௌகரியமா இருந்திருக்கும், இல்ல? இனிமே என் வாசப்படி மிதிக்காதே.”

அண்ணன் நிதானமாகச் சொன்னார்.

“சரிடா. ஸ்டாண்டுல இருக்கும்போதே ஒருதரம் முறுக்கிப் பார்த்துடு. குறை இருந்தா மெக்கானிக்கிட்ட சொல்லு.”

போன் வைக்கப்பட்டது.

முறுக்குவதாமே! முறுக்க முடிந்தால் இவன் ஏன் இப்படி நிற்கிறான்? வீம்புக்கு வலது பிடியில் கை வைத்தான். அது திரும்புகிற பிடியே இல்லை. இறுக்கி மாட்டியிருந்தது.

“வண்டியையும் கெடுத்தாச்சா?”

“இடது கையை வைங்க சார்.”

வைத்தான். லேசாக முறுக்கினான். பின்சக்கரம் விர்ரென்று சுழன்றது.

“பேட்டரி வண்டிதானே சார், கிளட்ச் கிடையாது, இடது கை சும்மாதான் இருக்கு. ஆக்சிலேட்டருக்கும் கேபிள் இல்ல, வெறும் வயர்தான். அந்தப் பக்கத்துலேர்ந்து இந்தப் பக்கம் இழுத்தாச்சு. உங்க மணிக்கட்டு வலிக்காம இருக்கத்தான் ஹேண்டில்பாரைப் பின்னால வளைச்சது. எல்லாம் உங்க அண்ணன் யோசனை.”

தம்பிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவசரமாக மறுபடி போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணன் எடுக்கவில்லை.

“ஒரு கையைப் பாக்கெட்டுல விட்டுக்கிட்டு ஓட்டினாராமே...” என்றான், குரல் இறங்கிப்போய்.

மெக்கானிக் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“வலது கை சார் அது. தம்பிக்கு உதவாத கையை நானும் உபயோகிக்காம ஓட்டினாத்தான் சரியான்னு தெரியும்னாரு. பழகறதுக்குள்ள ரெண்டு தடவை விழுந்து முழங்கையெல்லாம் தேய்ஞ்சு போச்சு. அதை உங்ககிட்ட சொல்லிடக் கூடாதுன்னு வேற சத்தியம் வாங்கியிருக்காரு.”