தங்கவேலு பூங்கா

"நடுவுல ஒரு ஆள் நிக்கற எடம்கூட மிச்சம் வெக்காதீங்க, தம்பி. பூராவும் பூவா இருக்கோணும்" என்றார் மில் முதலாளி ஆறுமுகசாமி.

அங்கமுத்து கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். விவசாயக் கல்லூரியில் படித்துவிட்டு, புதிய கட்டடங்களுக்குத் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலை அவர் அப்போதுதான் தொடங்கியிருந்தார். திருப்பூரில் கிடைத்த முதல் வேலை இது. நூல் மில்லின் கேட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே கிடந்த பொட்டலைப் பூங்காவாக்க வேண்டும்.

"நடுவுல கொஞ்சம் திறந்த எடமா விட்டா நல்லதுங்க. சுத்தியும் வேப்பமரம் வெச்சுக் கல் பெஞ்சு போட்டா, ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்க உக்காருவாங்க. வேம்பு வேர் புடிச்சுட்டாத் தண்ணி ஊத்தற வேலையுமில்லீங்க."

"சும்மா கெடந்தா ஆட்டைக் கொண்டாந்து கட்டிருவாங்க. வெத்தலையப் போட்டுத் துப்பிருவாங்க. செத்துப்போனவன் பேருல வெக்கறது, சுத்தமா இருக்க வேண்டாமா?"

செத்துப்போனவர் தங்கவேலு. அந்த மில்லின் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்தவர். போன ஆடி மாதம், மில் லாரி மோதி இதே பொட்டலில் உயிரை விட்டார். அவர் பெயரில் பூங்கா வைப்பதாகவும், அவர் மனைவி மயிலாளுக்கு அதில் காவல் வேலை தருவதாகவும் முதலாளியே முன்வந்து சொல்லியிருந்தார்.

ஒரு தொழிலாளிக்காக இவ்வளவு செய்கிறாரே என்று அங்கமுத்துவுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. மரங்களையும் பெஞ்சுகளையும் ரப்பரால் அழித்தார்.

மறுநாள் மயிலாளைப் பார்த்துக் கேட்டார். "அவருக்கு என்ன பூ புடிக்குமுங்க்கா?"



"பூவெல்லாம் எங்கீங்க பாத்தாரு? வெயில்ல நின்னு நின்னு மண்டை காயுதும்பாரு. ஒரு நெழலு இருந்தாத் தேவலைம்பாரு."

"மரம் வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாருங்களே."

"அப்ப, செவப்பா ஏதாச்சும் வெய்ங்க."

செம்பருத்தியும் இட்லிப்பூவும் வைத்தார். சுற்றிலும் கிளுவை முள்ளை நட்டு உயிர்வேலி போட்டார். மில் கூரையில் விழும் மழைத்தண்ணீர் வீணாகாமல் பாத்திகளுக்கு வர வாய்க்கால் வெட்டினார்.

தொழிலாளர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்களே தவிர, ஒருவரும் வந்து ஒரு கை பிடிக்கவில்லை. சென்னியப்பன் என்ற வயதான தொழிலாளி மட்டும் ஒரு நாள் பக்கத்தில் வந்தார்.

"ஏனுங்க, நடுவுல எடம் உடுவீங்களா?"

"இல்லீங்க. பூராவும் பூச்செடிதான்."

அவர் திரும்பிப் போய்விட்டார். நன்றி கெட்ட ஜனங்கள் என்று அங்கமுத்து நினைத்துக்கொண்டார்.

திறப்பு விழா அன்று பூங்கா சிவப்பாகப் பூத்திருந்தது. முதலாளி தங்கவேலுவின் படத்துக்கு மாலை போட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரில் ஏறிப் போனார். மயிலாள் கையில் மூங்கில் குச்சியோடு வேலியோரம் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் சங்கு ஊதியதும் ஆட்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். வேலி ஓரமாக வரிசையாக நின்றார்கள். ஒருவன் வேலிக்குமேல் காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனான்.

"காலை எடு!" மயிலாள் குச்சியை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தாள். "அவரு ரத்தம் விழுந்த மண்ணு இது. அவரு பேருல பூத்து நிக்கறத மிதிக்கறதுக்கு உங்களுக்கு எப்படி மனசு வருது?"

அவன் காலை எடுத்துக்கொண்டான். எல்லோரும் தலையைக் குனிந்தபடி கலைந்தார்கள்.

அங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. சென்னியப்பனை வழிமறித்தார்.

"உங்க ஆளுக்குத்தானுங்களே இத்தனையும் செஞ்சிருக்குது? ஒருத்தர் மொகத்துலகூடச் சந்தோசத்தக் காணமே?"

சென்னியப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க வெளியூருங்க, உங்களுக்குத் தெரியாது. தங்கவேலு எங்க சங்கத் தலைவருங்க. மில்லுக்குள்ள கூடிப் பேசினா வேலை போயிரும். ரோட்டுல நின்னாப் போலீஸ் புடிக்கும். கூட்டம் போட எங்களுக்குன்னு இருந்தது இந்தப் பொட்டல் ஒண்ணுதான். அன்னைக்கு இங்க நின்னு அவரு பேசிட்டு இருக்கறப்பத்தான் லாரியை உட்டு ஏத்துனாங்க."

அங்கமுத்து பூங்காவைத் திரும்பிப் பார்த்தார். வேலிக்குள் மயிலாள் குனிந்து ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அவரு காரியம் முடிஞ்ச கையோட இதே எடத்துல மறுபடியும் கூட்டம் போட்டமுங்க. லாரியால எங்களை நிறுத்த முடியல" என்றார் சென்னியப்பன். "உங்க பூவுதானுங்க நிறுத்திப்போடுச்சு."