வாய் நிறையப் பிள்ளை

மூன்று குட்டி போட்ட பூனைக்கு ஒன்றுதான் தங்கியது. அதையும் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில், பூனைகளின் வழக்கப்படி குட்டியைக் கவ்விக்கொண்டு ஏழு வீடு மாறியது. அப்புறமும் அதைக் கீழே விட மனசு வரவில்லை. பக்கத்துக் குட்டிகளெல்லாம் மதில் ஏறின. இது இன்னும் நடக்கவில்லை. பதறிப்போய், வைத்தியம் பார்க்கும் வெள்ளாட்டிடம் தூக்கிக்கொண்டு ஓடியது.

ஆடு, தொங்கிய கால்களை மூக்கால் தள்ளிப் பார்த்தது. நாலும் திருப்பி உதைத்தன.

"பால் குடிக்கிறானா?"

"ம்."

"தூங்குறானா?"

"ம்."

"பேரு என்ன?"

அதற்கு 'ம்' போதாது. "மிளகு" என்று சொல்லப் பூனை வாயைத் திறந்தது. குட்டி தொப்பென்று தரையில் விழுந்தது.

"ஐயோ!" என்று பூனை குனிவதற்குள் ஆடு கொம்பைக் குறுக்கே வைத்தது. "கொஞ்சம் இரு தாயி, நான் பார்க்கணும்."

மிளகு தரையை முகர்ந்தது. நாலு காலும் நாலு பக்கம் வழுக்கின. விழுந்தது, மறுபடி எழுந்து ஆடிக்கொண்டே நின்றது.

கவ்வப் போன வாயைப் பூனை மெல்ல மூடிக்கொண்டது. இரண்டடி பின்னால் போய், "மிளகு" என்று கூப்பிட்டது.

அம்மாவின் குரல் அவ்வளவு தூரத்திலிருந்து வருவது குட்டிக்குப் புதிது. அதைத் தேடி நடந்து போனது.