வியாழக்கிழமை மோரீன் முறை

“மோரீன் இருக்காங்களா?”

“இப்ப பேச முடியாதும்மா. நான் அவ புருஷன். சொல்லு” என்றார் கிளைவ்.

பேசியவள் டீகன். ஊருக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. ஊர் கிளப்பின் புதுச் செயலாளர். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் மற்ற வீடுகள் முறை வைத்துச் சமைத்து அனுப்ப வேண்டும். பழைய செயலாளர் விட்டுப்போன அந்தப் பட்டியல் இப்போது அவள் கையில்.

“நாளைக்கு வியாழன், மோரீன் முறை. பாங்க்ஸியா தெரு, பதினேழாம் நம்பர். அங்க ஒரு பெரியவரோட சம்சாரம் தவறிப் பதினோரு நாள் ஆச்சு. பேரு தெரியல, விலாசம் மட்டும்தான் எனக்குக் கொடுத்தாங்க. மனுஷன் கதவையே திறக்கிறதில்ல. வாசல்ல ஐஸ்பெட்டியில வச்ச சாப்பாடெல்லாம் வச்ச மாதிரியே இருக்கு. நான்தான் தினம் எடுத்துக் கொட்டுறேன்.”

“என்னென்ன வச்சாங்க?”

“லசான்யா, அதான் அந்த அடுக்கு பாஸ்தா. ஆறு வீட்லேருந்தும் லசான்யாதான். எனக்கே அந்தப் பெட்டியைத் திறக்கப் பயமா இருக்கு. மோரீன் பேருக்கு நேரா கிரீம் சிக்கன் பாஸ்தான்னு போட்டிருக்கு. அதுவாவது உள்ள இறங்குதான்னு பாப்போம். இப்படியே பட்டினி கிடந்தா அவரும் போய்ச் சேந்துடுவாரு.”

கிளைவ் விலாசத்தைக் குறித்துக்கொள்ளவில்லை.

“நானே செஞ்சு கொண்டு வரேன்” என்றார்.

“நீங்களா? அடுப்பு எங்க இருக்குன்னாவது தெரியுமா?”

“சமையலறையிலதான் வச்சிருக்கு.”

“அப்போ பாதி வேலை முடிஞ்சுது.”

மறுநாள் மாலை நாலு மணிக்கு அவர் அடுப்பின் முன் நின்றார். முப்பத்தோரு வருடத்தில் மோரீன் தன் முறையை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. செய்முறைச் சீட்டு அவள் கையெழுத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தது. ஆறு பேருக்கு என்று எழுதியிருந்தாள். குறைத்துச் செய்யும் கணக்குத் தெரியாததால் ஆறு பேருக்கே செய்தார்.

வெண்ணெயில் கோழித்தொடைத் துண்டுகள் சிவந்தன. வெங்காயம், பூண்டு, அதன்மேல் வேகாத பாஸ்தா, கோழிச்சாறு. எல்லாம் ஒரே பாத்திரத்தில். கிளறு என்று சீட்டில் இருந்த இடத்தில் கிளறினார்; மூடு என்ற இடத்தில் மூடினார்.

பாத்திரத்தின் பிடி கட்டைவிரலைச் சுட்டது. தோல் வெளுத்துப் போவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலைத் தண்ணீரில் காட்டச் சொல்லிச் சீட்டில் எழுதவில்லை.

‘கிரீம் கடைசியில். பொறுமை’ என்று எழுதி, பொறுமையின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள். பொறுத்தார். கிரீமை ஊற்றினார். சீஸைத் துருவிப் போட்டார். குழம்பு கெட்டியாகிப் பளபளத்தது. ருசி பார்க்கத் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு வெயில் இன்னும் கூரைமேல் இருந்தது. மோரீன் எங்கேயும் காரில் கொண்டுபோனதில்லை. டவலில் சுற்றி நடந்தே போய், வாசல் வழியாகத்தான் கொடுப்பாள். கிளைவும் டவலில் சுற்றினார். பின்கதவு வழியாகச் சந்தில் இறங்கி, சுற்றிக்கொண்டு பதினேழாம் நம்பர் வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

படியில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து ஐஸ்பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மோரீன் வீட்லேருந்து வரேன்” என்றார்.

“ஓ, நீங்கதானா. நான் டீகன்.” அவள் எழுந்து டவலை விலக்கி முகர்ந்தாள். “வாசனை ஆளைத் தூக்குதே. அடுப்பு அகப்பட்டுடுச்சு போல.”

“அகப்பட்டுது.”

“மோரீன்கிட்ட கொடுத்துவச்சவங்கன்னு சொல்லுங்க. இதைப் பெட்டியில வச்சிடுங்க. கதவைத் தட்டாதீங்க, பிரயோஜனமில்ல.”

கிளைவ் பெட்டியில் வைக்கவில்லை. பாத்திரத்தை அணைத்துப் பிடித்தபடியே நின்றார்.

டீகன் கதவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க என்ன நினைக்கிறீங்க? இதையாவது சாப்பிடுவாரா?”

கிளைவ் பாத்திரத்தை இடுப்பில் சாய்த்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.

“சாப்பிடுவேன்மா.”