சக்காராவில் ஒரு பெயர்

எகிப்தின் சக்காரா மணல்மேட்டில் வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. மேஸ்திரி ஷாத்லி மேலே நின்று நிலைக்கண்ணாடியைச் சாய்க்க, சூரியன் குழிக்குள் இறங்கிக் கல்லறை வாசலில் விழுகிறது. அங்கே அகழாய்வாளர் இப்திஹால் மண்டியிட்டிருக்கிறாள். வெறும் மணல்தான் என்று வெளிநாட்டுக் குழு கைவிட்டுப்போன இடம் இது. மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டித் தோண்டவைத்தவள் அவள். தூரிகை மெல்ல நகர நகர, வாசலை அடைத்த மண்முத்திரை உடையாமல் வெளிப்படுகிறது. திருடர் கை படவேயில்லை. மேலே மணல் சுமக்கும் ஆட்களின் கூடைகள் நின்றுவிட்டன, அவர்கள் பாட்டும் ஓய்ந்துவிட்டது. "என்ன டாக்டரம்மா, உள்ள யாராச்சும் இருக்காங்களா, இல்ல நாங்க டீ குடிக்கப் போலாமா?" என்கிறார் ஷாத்லி. எல்லோரும் சிரிக்கிறார்கள். இப்திஹாலின் விரல் நிலைக்கல்லில் செதுக்கிய எழுத்துகளைத் தொடாமல் தொடர்ந்து போகிறது. "ஒரு பொம்பள, மேஸ்திரி. பேரு நெபெத்." "சத்தமாச் சொல்லுங்கம்மா, பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல!" "நெபெத்!" குழியின் விளிம்பிலிருந்த ஆட்கள் அதை வாங்கிப் பின்னால் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். மணல்மேடு தாண்டிப் பேரீச்சந்தோப்பு வரை பெயர் வாய்க்கு வாய் ஓடுகிறது. நாலாயிரம் வருடம் யாரும் கூப்பிடாத ஒருத்தியை அவள் ஊர்க்காரர்களே கூப்பிடுகிறார்கள். இப்திஹாலும் அவர்களோடு சேர்ந்து இன்னொரு முறை கூப்பிடுகிறாள்.