ஹம்சா சம்மதிக்கவில்லை

“ஊசி, மருந்து எதுவும் அவர் ஒடம்புல ஏறப்படாது. சாஸ்திரத்துல இல்லாததை என் ஆத்துல பண்ண விடமாட்டேன்.”

ஹம்சா அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே குளிர்பெட்டியில் அவள் கணவர் ஸ்ரீனிவாசராகவன் கிடந்தார். விடியற்காலையில் மாரடைப்பு. டாக்டர் வந்து பார்த்து, சான்றிதழும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

பிரிஸில்லா தன் மருந்துப் பெட்டியைக் கீழே வைக்கவா, கையிலேயே வைத்திருக்கவா என்று தெரியாமல் நின்றாள். இறந்தவர்களின் உடல் கெட்டுப்போகாமல் மருந்தேற்றி வைப்பது அவள் தொழில். அடையாறில் ஒரு வேலையை முடித்துவிட்டு, சாப்பிடக்கூடச் செய்யாமல் நேராக இந்த ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்கு வந்திருந்தாள். முகக்கவசம் அழுத்திய தடம் இன்னும் கன்னத்தில் இருந்தது.

அவளை வரவழைத்தவர் இறந்தவரின் தம்பி தேசிகன்.

“மன்னி, பிடிவாதம் பிடிக்காதீங்கோ. சுஹாஸ் கனடாலேர்ந்து வர நாலஞ்சு நாளாகும்னு நீங்கதானே சொன்னேள்? அதுவரைக்கும் அண்ணாவை எப்படி வெச்சுண்டிருக்கறது?”

“வெச்சுக்க வேண்டாம்னுதானே சொல்றேன். இன்னிக்கே எடுத்துடுங்கோ.”

“ஒரே பிள்ளை மன்னி! அவன் இருக்கச்சே நான் கொள்ளி வைக்கறதா?”

ஹம்சா வாசலை விட்டு நகரவில்லை.

தேசிகன் பிரிஸில்லாவை மாடிப்படிப் பக்கம் தனியாக அழைத்துப் போனார். “அவா அதிர்ச்சில என்னமோ பேசறா. தூக்க மாத்திரை குடுத்துப் படுக்க வெச்சுடறோம். நீங்க ஆரம்பிச்சுடுங்கோ. நான் கூடப்பொறந்தவன், நான் கையெழுத்துப் போடறேன்.”

“அது ஆவாது சார். சம்சாரம் கண்ணு முன்னாடி நின்னுகினு வேணாங்கிறாங்க. அவங்கள தூங்க வெச்சுட்டு செஞ்சா, அது திருட்டு மாதிரி.”

“அவன் வந்து மூஞ்சியைப் பார்க்க வேண்டாமா?”

“வேணும் சார். நீங்க பையன்கிட்ட பேசுங்க. அவரு சொன்னா அம்மா கேப்பாங்க.”

“காலைலேர்ந்து அடிக்கறேன், எடுக்க மாட்டேங்கறான். பாவம், டிக்கெட்டுக்கு அலைஞ்சுண்டிருப்பான். மன்னிகிட்ட மட்டும்தான் பேசினான்.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்களாவது மன்னிக்கு எடுத்துச் சொல்லுங்கோம்மா.”

பிரிஸில்லாவுக்குக் கால் கடுத்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்தான். ஆனால் தாமதமாக வந்து, எரிந்து முடிந்த இடத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட பிள்ளைகளை அவளுக்குத் தெரியும். ஹம்சாவிடம் போய் நின்றாள்.

“அம்மா, சின்னதா ஒரு கீறல்தான். துணி போர்த்தினா தெரியாது. மூஞ்சி தூங்குற மாதிரியே இருக்கும். எங்க அப்பாவுக்கே என் கையாலதான் செஞ்சேன், அண்ணன் துபாய்லேர்ந்து வர்ற வரைக்கும்.”

ஹம்சா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். “இதைப் பண்ணலேன்னா என்ன ஆகும்?”

“இந்தப் பெட்டி நாலஞ்சு நாளுக்கெல்லாம் தாங்காதும்மா. இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு எடுத்துடணும்.”

ஹம்சாவிடமிருந்து நீண்ட மூச்சு ஒன்று வந்தது. “அப்போ இன்னிக்கே எடுக்கட்டும். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்.”

பிரிஸில்லா கூடத்துக்கு வந்தாள். “அம்மா சம்மதிக்கல சார். நான் கை வைக்க மாட்டேன்.”

கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. “மடி, ஆசாரம்னு சொல்லிண்டு, பெத்த பிள்ளைக்கு அப்பா மூஞ்சியைக் காட்டாம பண்ணிட்டாளே” என்றாள் ஒருத்தி, ஹம்சாவுக்குக் கேட்கும்படியாகவே.

தேசிகன் அடக்க முடியாமல் வெடித்தார். “கல்லு மன்னி உங்க மனசு. அவன் வந்து நின்னா நான் பதில் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிக்கோங்கோ!”

அழுதுகொண்டே, சடங்கு செய்து வைக்கும் வாத்தியாருக்குப் போன் செய்தார். மத்தியானமே எடுப்பதென்று முடிவாயிற்று. யாரும் ஹம்சாவின் பக்கம் திரும்பவில்லை. அவள் சுவரில் சாய்ந்து, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிரிஸில்லா பின்கட்டுக் குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது. ஹம்சா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள்.

“குடி. உன்னை வீணா அலைய வெச்சுட்டேன்.”

“என் அலைச்சல் கெடக்குதும்மா. இது உங்க முடிவு, நான் பேசக் கூடாது. ஆனா மனசு கேக்கல. புள்ள ஓடியாந்து, அப்பா எங்கன்னு கேட்டா இன்னா சொல்வீங்க?”

ஹம்சா கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது.

“நாலஞ்சு நாளாகும்னு சொன்னா, காத்துண்டிருக்க வேண்டாம்னு தேசிகன் இன்னிக்கே எடுத்துடுவார்னு நினைச்சேன். அவர் உன்னைக் கூட்டிண்டு வந்துட்டார்.”

பிரிஸில்லா புரியாமல் பார்த்தாள்.

“திட்டறவாள்லாம் என்னையே திட்டட்டும்மா” என்றாள் ஹம்சா. “அவன் வரமாட்டேன்னுட்டான்.”